உயிரோடு இருக்கும் பாட்டிக்கு ஒரு நாள் லீவு

பதினான்கு வருடமாக லீவு விண்ணப்பங்களைப் படிப்பது என் பிழைப்பு. விசிட்டிங் கார்டில் மனிதவளத் துறை என்று இருக்கும். இத்தனை வருடத்தில் எங்கள் ஆபீஸில் செத்துப்போன பாட்டிகளைக் கணக்கெடுத்தால் ஒரு சின்ன கிராமமே தேறும். ஒரு தம்பிக்கு மட்டும் நான்கு பாட்டிகள். நான்காவது பாட்டி காலமானது சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்த அன்று. "அப்பா வழியா, அம்மா வழியா?" என்று மட்டும் கேட்டு வைத்தேன். பையன் யோசித்துவிட்டு, "பொதுவா" என்றான்.

உயிரோடு இருக்கும் பாட்டியைப் பார்க்க லீவு வேண்டும் என்று வந்த விண்ணப்பங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் இரண்டு நான் எழுதியவை.

எங்கள் ஆச்சிக்கு 82 வயது. அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறாள். மகன்கள், மகள்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் சென்னை, கோவை, பெங்களூர் என்று ஆபீஸ்களில் கிடக்கிறோம். எல்லோரும் சேர்ந்து ஒரு சனி, ஞாயிறு அவள் வீட்டை நிரப்புவது பாசத்தால் மட்டும் ஆகிற காரியமில்லை. லீவு, டிக்கெட், வேலையை ஒப்படைப்பது என்று அதில் பாதி ஆபீஸ் காரியம். அந்தப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். மீதியை உங்கள் ஆச்சி பார்த்துக்கொள்வாள்.

வெள்ளியை விடுங்கள், திங்களை எடுங்கள்

தமிழ்நாட்டில் கடைகள், ஆபீஸ்களுக்கு 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு, உடம்புக்கு முடியாவிட்டால் 12 நாள், தக்க காரணம் சொன்னால் தற்செயல் விடுப்பு 12 நாள் என்று அதில் உண்டு. உயிரோடு இருக்கும் பாட்டி தக்க காரணம்தான். சந்தேகமே வேண்டாம்.

ஒரு நாள்தான் எடுக்க முடியும் என்றால் எல்லோரும் வெள்ளிக்கிழமையை எடுக்கிறார்கள். தப்புக் கணக்கு. வெள்ளி இரவு ரயிலில் தூங்கிக்கொண்டே போய்விடலாம், அதற்கு லீவு எதற்கு? திங்களை எடுங்கள். ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் பையைத் தூக்கும்போது வீடு என்ன ஆகிறது என்று நான் ஒரு தடவை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவார்களே, அப்படி. ஒருவராவது திங்கள் வரை இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி, திங்கள் இரண்டையும் எடுப்பவர்கள் ஆபீஸ் விதியைப் படித்துவிட்டு எடுங்கள். நடுவில் மாட்டும் சனி, ஞாயிறையும் லீவாக எண்ணுகிற நிறுவனங்கள் உண்டு. சாண்ட்விச் லீவு என்று அதற்குப் பெயர். இரண்டு நாள் கேட்டு நான்கு நாள் கழிந்தது என்று என்னிடம் வந்து அழுதவர்கள் நிறைய பேர்.

இனி விண்ணப்பம். உண்மையை எழுதுங்கள். "சொந்தக் காரணம்" என்று மொட்டையாக எழுதினால் மேலதிகாரி அதை இன்டர்வியூ என்றுதான் படிப்பார். நான் எழுதியது இவ்வளவுதான்:

"24-ஆம் தேதி திங்கட்கிழமை எனக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு வேண்டும். ஊரில் இருக்கும் என் பாட்டிக்கு 82 வயது. அந்த வாரக் கடைசியில் குடும்பத்தோடு அவரைப் பார்க்கப் போகிறோம். என் வேலைகளை வெள்ளி மதியத்துக்குள் உடன் பணிபுரிபவரிடம் ஒப்படைத்துவிடுவேன். மிக அவசரமென்றால் திங்கள் மாலை 5 முதல் 6 வரை போனில் இருப்பேன்."

ஐந்தே வரி. யார் பார்த்துக்கொள்வார்கள், எப்போது கிடைப்பீர்கள் என்ற இரண்டும் அதில் வந்துவிட்டன. மேலதிகாரிக்கு வேண்டியது அதுதான். பாட்டியின் வயது உபரி. ஆனால் அந்த உபரியைப் படித்துவிட்டுத்தான் என் மேலாளர், "என் பாட்டியும் கும்பகோணத்துல இருக்காங்க. பார்த்து ரெண்டு வருஷமாச்சு" என்றார். லீவு கிடைத்தது.

லீவு கொடுக்கும் நாற்காலியில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மையைச் சொல்லிக் கேட்பவர் மூன்று வாரம் முன்னால் கேட்கிறார். சாகடித்துக் கேட்பவர் திங்கட்கிழமை ஒன்பதரைக்கு போன் செய்கிறார். இரண்டில் எது உங்களுக்கு வசதி?

டிக்கெட்டுக்கும் ஒரு கிழமை உண்டு

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது. இந்த அறுபதில் ஒரு சின்ன சௌகரியம் ஒளிந்திருக்கிறது. எட்டு வாரமும் நான்கு நாளும் சேர்ந்தால் அறுபது. ஆக, வெள்ளிக்கிழமை ரயிலுக்கு முன்பதிவு திறப்பது எப்போதுமே ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்கு. திங்கள் இரவு திரும்பும் ரயிலுக்கு வியாழக்கிழமை. செல்போனில் இரண்டு அலாரம் வைத்தால் போதும், காலண்டரில் விரல் விட்டு எண்ண வேண்டாம். நெல்லை எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமைப் படுக்கைக்கு நடக்கும் போட்டி தெரிந்தவர்கள் எட்டு மணிக்குக் காபி குடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தவறவிட்டால் தட்கல். முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். பத்து மணிக்கு உட்கார்ந்து ஆதாரைத் தேடாதீர்கள். வியாழன் பத்து மணி, பதினோரு மணிக்கு மீட்டிங்கும் போடாதீர்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் இன்னும் கோயம்பேடு கணக்கில் ஆபீஸிலிருந்து கிளம்புகிறார்கள். தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்கு மாறி வருஷங்கள் ஆகின்றன.

எல்லோருக்கும் ஒத்துவரும் சனிக்கிழமையைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் இரண்டு வருடம் இது விவாதமாகவே ஓடியது. கடைசியில் தீர்த்து வைத்தது பேங்க்கில் இருக்கும் சித்தப்பா. பேங்க்குகளுக்கு 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. ஐ.டி.காரர்களுக்கு எந்தச் சனியும் ஒன்றுதான். ஆகவே யாருக்கு நெருக்கடி அதிகமோ அவருடைய சனிக்கிழமையை வையுங்கள். இப்போது எங்களுக்கு நான்காம் சனி என்றால் ஆச்சி வீடு.

அத்தை மகன் ஒருவன் தி.நகரில் ஜவுளிக்கடையில் நிற்கிறான். சனி, ஞாயிறுதான் அவனுக்குக் கூட்டமே. இப்படிப்பட்டவர்களுக்கு வார விடுமுறையை மாற்றிக்கொள்வது ஒன்றுதான் வழி. கூட வேலை பார்ப்பவரிடம் இரண்டு வாரம் முன்னாலேயே பேசி, மாற்றிக்கொள்வதை சூப்பர்வைசருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் கூட்டம் கூடிய நாளில் அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தின மாதத்திலும் கேட்கவே கேட்காதீர்கள். முதலாளிக்கும் பாட்டி இருக்கலாம், ஆனால் அந்த மாதங்களில் அவருக்கு ஞாபகம் வராது.

லேப்டாப்பை எங்கே வைப்பது

முதல் தடவை நான் லேப்டாப்போடு போனேன். சனிக்கிழமை காலை 11 மணிக்கு "அரை மணி நேரக் கால்" ஒன்று. பட்டாசாலையில்தான் சிக்னல் கிடைத்தது. நான் உட்கார்ந்ததும் சித்தி மிக்ஸியை நிறுத்தினாள். பிள்ளைகளைத் தெருவுக்கு விரட்டினார்கள். மாமா டி.வி.யை அணைத்தார். பேச்சுக்கு நடுவே வந்த பெரியம்மாவை யாரோ கைகாட்டி நிறுத்தினார்கள். அரை மணி ஒன்றரை மணியாயிற்று. ஆச்சி எதிரே நாற்காலியில் வாயைப் பொத்திக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஹெட்போனைக் கழற்றியதும் மெதுவாகக் கேட்டாள்: "யாருக்குட்டி மேலுக்குச் சொகமில்ல?"

அந்த வீட்டில் அவ்வளவு பேர் கூடி அவ்வளவு அமைதியாக இருந்தது அதற்கு முன் தாத்தா கிடையில் விழுந்தபோதுதான்.

பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்கு வெளியே ஆபீஸ் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நமக்கு அதெல்லாம் இல்லை. முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்வதுதான் நம் சட்டம். எனவே வியாழக்கிழமைக்குள் உங்கள் வேலை முடிந்திருக்க வேண்டும். வெள்ளி ஒப்படைக்க மட்டும். வெள்ளிக்கிழமை புதிதாக எதிலும் கை வைக்காதீர்கள். மென்பொருள்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளி மாலை மாற்றி வைத்த ஒரு வரி, சனி மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கூப்பிடும். தவிர்க்கவே முடியாத வேலை என்றால் விடியற்காலை ஒரு மணி நேரம், மச்சில் அல்லது அடுத்த வீட்டுத் திண்ணையில். வீட்டின் நடுவே மட்டும் வேண்டாம்.

அங்கே போய் மேனேஜர் ஆகாதீர்கள்

இரண்டாவது தடவை நான் செய்த தவறு இதைவிடப் பெரியது. ஆச்சிக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று அம்பாசமுத்திரத்தில் ஒரு சமையல்காரரிடம் இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டேன். வேளாவேளைக்குப் பாத்திரத்தில் வந்து இறங்கியது. ருசியும் மோசமில்லை. ஆச்சி தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்து இலையில் வைத்ததைச் சாப்பிட்டாள். "நல்லாருக்கு" என்றாள். அந்த "நல்லாருக்கு"வின் சுருதியே சரியில்லை.

ஆச்சி சாதாரண ஆளில்லை என்பதை நான் மறந்துவிட்டேன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பக்கத்து ஊர்ப் பள்ளியில் அமைப்பாளராகச் சேர்ந்தவள். அப்போது அவளுக்கு வயது 39. தினமும் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு மதியச் சோறு. ஓய்வு பெறும்வரை அரிசி இருப்பு, பருப்பு இருப்பு, அன்றைக்குச் சாப்பிட்ட பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் அவள் கையெழுத்தில். நான் ஹெச்.ஆர். என்று சேர்ந்தபோது என்ன வேலை என்று கேட்டாள். நான் ஏதேதோ இழுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வருகைப் பதிவேடு பாக்குத வேல" என்று முடித்துவிட்டாள். (இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு இலவசக் குறிப்பு: உங்கள் வேலையை ஆச்சிக்குப் புரியும்படி மூன்று வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வி அதன்பின் ஒன்றுமே இல்லை.)

மூன்றாவது தடவை பொறுப்பை அவளிடமே விட்டோம். பத்து நாள் முன்னால் போன் செய்தேன். "எத்தன பேரு வாரீய? ராத்திரிக்கா, காலையிலயா? சோத்துக்கா, பலகாரத்துக்கா?" கடகடவென்று வந்தது கேள்வி. யாரை யாரைப் பார்க்க ஆசை என்று கேட்டேன். உறவில் மூன்று பெயர் சொன்னாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, அவளோடு சத்துணவுக் கூடத்தில் சமைத்த அம்மாவையும் உதவியாளராக இருந்தவரையும் சொன்னாள். ஒருவர் கல்லிடைக்குறிச்சியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நாம் ஆபீஸ் நண்பர்களோடு மாதம் ஒரு தடவை ஹோட்டலில் சாப்பிடுகிறோம். ஆச்சிக்கும் ஆபீஸ் நண்பர்கள் உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தம்பி ஆட்டோ வைத்துப் போய் இருவரையும் கூட்டி வந்தான்.

சனிக்கிழமை மதியத்துக்குச் சொதி. ஏழு தேங்காய். ஆச்சி அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நிற்க முடியாது, முழங்கால். துருவ மாமாவும் பெங்களூர்ச் சித்தி மகனும். பால் பிழிய நான். முதல் பாலைத் தனியே மூடி வைக்கச் சொன்னாள். இரண்டாம், மூன்றாம் பாலில் முருங்கைக்காயும் உருளையும் கேரட்டும் பீன்சும் வேக வேண்டும். பாசிப்பருப்பு தனி அடுப்பில். பழைய சமையல்கார அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் எழுபத்தைந்து இருக்கும், ஆனால் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அரிசி எவ்வளவு டீச்சர்?" அமைப்பாளர்களை அந்த ஊரில் டீச்சர் என்றுதான் சொல்வார்கள்.

"பிள்ளைக்கு நூறு கிராம்" என்றாள் ஆச்சி, யோசிக்காமல். உடனே எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இதுவ பிள்ளைகளா? ஆளுக்கு எரநூறு போடு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு அடங்கச் சொதி கொதிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. "முதப்பால ஊத்தியாச்சுன்னா கொதிக்க விடாதட்டி, திரிஞ்சிரும்!" என்று ஆச்சி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். இறக்கி வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, இஞ்சித் துவையலோடு பந்தி தொடங்கும்போது மணி இரண்டு. பதினான்கு பேர் என்று சொல்லியிருந்தோம், பதினேழு பேர் உட்கார்ந்தார்கள். மிச்சமும் இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது பின்னணி வேலை மட்டும். பாத்திரம் கழுவ இரண்டு நாளுக்கு ஒரு ஆளை வைத்து, கூலியைத் தாராளமாகக் கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கிளம்பிய பிறகு அந்த அண்டாவை ஆச்சிதான் தேய்ப்பாள். எல்லோரும் ஒரே விடியற்காலையில் போய் இறங்காதீர்கள். மதியம் இரண்டு மணி நேரம் அவள் படுக்கும் அறைக்குள் யாரும் போகக் கூடாது. மாத்திரை வேளையை ஒருவர் பொறுப்பில் விடுங்கள், கலகலப்பில் முதலில் தவறுவது அதுதான்.

ஆபீஸ் நண்பர்களைக் கூட்டிப்போகலாமா? ஒருவர், மிஞ்சினால் இருவர். சைவமா அசைவமா, எங்கே படுப்பார், எந்தக் கழிப்பறை என்பதையெல்லாம் ஆச்சியிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். என்னோடு வந்த புனே பெண்ணுக்குத் தமிழில் மூன்று வார்த்தை தெரியும். ஆச்சிக்கு மராத்தி சுத்தம். இரண்டு நாளும் இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமலே விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரியை மட்டும் கூட்டிப்போகாதீர்கள். ஆச்சி உங்கள் சம்பளத்தைப் பற்றி அவரிடம் நேராகவே கேட்டுவிடுவாள்.

பணக் கணக்கு ஒன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், விடுப்புப் பயணப்படி (எல்.டி.ஏ.) விலக்குக்கு லீவு எடுத்துப் போன தங்கள் ரயில் கட்டணத்தைக் காட்டலாம். நான்கு வருடத் தொகுதிக்கு இரண்டு பயணம். ஆனால் அந்த விதியில் குடும்பம் என்ற சொல்லுக்குள் தாத்தா பாட்டி வர மாட்டார்கள். ஆச்சியைச் சென்னைக்குக் கூட்டி வரும் டிக்கெட் உங்கள் கையைத்தான் கடிக்கும்.

ஞாயிறு நான்கு மணிக்கே பைகள் வாசலுக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு ஒன்று ஏறியது. ஆறரைக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். அந்தத் தடவை திங்கள் முறை எனக்கு. ஆச்சி கொஞ்ச நேரம் நடையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே போய் மர பீரோவிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ எழுதினாள். அவள் படுத்த பிறகு எடுத்துப் பார்த்தேன். கோடு போட்டு, தேதி போட்டு, மூன்று தடவை நாங்கள் வந்த கணக்கும் அதில் இருந்தது. சமையல்காரர் சாப்பாடு வந்த இரண்டு நாளுக்கு நேராக எண்ணுக்குப் பதில் ஒரு கோடு மட்டும். கடைசி இரண்டு வரி: சனி 17, ஞாயிறு 15.

திங்கள் மதியம் அவளே ரசம் வைத்தாள். அப்பளம் சுட்டாள். நான் சாப்பிட்டு முடித்து இலையை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வருவதற்குள் டைரி அவள் மடியில் இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

திங்கள். சாப்பிட்ட பிள்ளைகள்: 1.